கிளெமான் பொன்னான்

கிளெமான் பொன்னான் (1796 - மார்ச் 21, 1861) புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சுக் கத்தோலிக்க மறைபரப்பாளரும் ஆயரும் ஆவார். பாரிசு அயல்நாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த இவர், 1836 முதல் இறக்கும் வரை புதுச்சேரியின் அப்போஸ்தலிக்க விகாராக, அதாவது திருத்தந்தையின் பெயரால் ஒரு மறைபரப்பு நாட்டை ஆளும் ஆயராக, இருந்தார். 1844ஆம் ஆண்டில் இவர் கூட்டிய புதுச்சேரி மாமன்றம், உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவது, பெண் கல்வி, அச்சுப்பணி ஆகியவற்றில் தென்னிந்தியக் கத்தோலிக்கத் திருச்சபையின் போக்கை மாற்றிய நிகழ்வாகக் கருதப்படுகிறது. இவரது குடும்பப்பெயரின் இறுதி மெய்யெழுத்து பிரெஞ்சு மொழியில் ஒலிக்கப்படுவதில்லை. அவ்வொலிப்பை ஒட்டியே இங்குப் பொன்னான் என எழுதப்படுகிறது.

பின்னணி

பொன்னானின் பணியை அறிய, அவர் வந்தபோது புதுச்சேரித் திருச்சபை எந்நிலையில் இருந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1674இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியேற்றத்தை நிறுவிய காலந்தொட்டுக் கப்புச்சின் துறவியர் அங்கிருந்த ஐரோப்பியரின் ஆன்மிகத் தேவைகளைக் கவனித்து வந்தனர். சீயம் (இன்றைய தாய்லாந்து) நாட்டில் 1688இல் நிகழ்ந்த புரட்சிக்குப் பின் அங்கிருந்து வெளியேறிய பிரெஞ்சு இயேசு சபையினர் சிலர் புதுச்சேரி வந்து தமிழரிடையே பணி தொடங்கினர். இவர்களது கர்நாடக மிஷன் உள்நாட்டிலும் தெலுங்கு நாட்டிலும் பரவியது.

1773இல் திருத்தந்தை இயேசு சபையைக் கலைத்தார். அதையடுத்து 1776இல் இப்பணி பாரிசு அயல்நாட்டு மறைபரப்புச் சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயர் பியேர் பிரிகோ முதல் தலைவரானார். புதுச்சேரியில் எஞ்சியிருந்த பழைய இயேசு சபைக் குருக்கள் அவருடன் சேர்ந்து தொடர்ந்து உழைத்தனர். கிழக்குக் கரையில் அமைந்த இப்பணித்தளத்திற்கு மலபார் மிஷன் என்று பெயர் வழங்கியது இன்று வியப்பளிக்கலாம். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் மலபாரிகள் என்றே அழைத்ததே இதற்குக் காரணம்.

புதிய சபை வந்த காலம் நல்ல காலமன்று. ஆங்கிலேயர் புதுச்சேரியை 1778, 1793, 1803 ஆகிய ஆண்டுகளில் கைப்பற்றினர். பிரெஞ்சுப் புரட்சியாலும் நெப்போலியன் போர்களாலும் பாரிசிலிருந்து புதிய குருக்கள் வருவது ஏறக்குறைய நின்றுபோனது. பிரிகோவுக்குப் பின் ஆயர் சம்பெனுவாவும், அவருக்குப் பின் ஆயர் எபேரும் விரல் விட்டு எண்ணத்தக்க சில குருக்களைக் கொண்டு புதுச்சேரி முதல் மைசூர் வரை பரந்த நிலப்பரப்பைக் கவனிக்க வேண்டியிருந்தது. பல ஊர்களில் குருவானவரின் முகத்தை ஆண்டுக்கு ஒருமுறை காண்பதே அரிதாயிற்று. செபங்களைச் சொல்லிக் கொடுத்தும், இறந்தோரை அடக்கம் செய்தும் கிறித்தவ வாழ்வைக் காத்தவர்கள் ஊர் உபதேசியார்களே. இவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் எந்த வரலாற்று நூலிலும் இடம்பெறவில்லை.

இந்நிலையில் மைசூர் நாட்டில் முப்பது ஆண்டுகள் உழைத்துப் பெயர் பெற்ற அபே துபுவா 1823இல் பிரான்சுக்குத் திரும்பினார். இந்துக்களைக் கிறித்தவத்திற்குக் கொண்டுவருவது இயலாத செயல் என்னும் தமது முடிவை அவ்வாண்டிலேயே நூலாகவும் வெளியிட்டார். பொன்னான் அதற்கடுத்த ஆண்டில் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பின்னர் துபுவா பாரிசில் சபையின் தலைவராகப் பதவி வகித்தபோது (1836-1839), இங்குப் பணித்தளத்தின் பொறுப்பில் இருந்தவர் பொன்னான். நம்பிக்கை இழந்து திரும்பியவர் தலைமையகத்தில் அமர்ந்திருக்க, நம்பிக்கையோடு வந்தவர் களத்தில் நின்றது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

இளமையும் தெலுங்கு நாட்டுப் பணியும்

பொன்னான் 1796இல் பிரான்சின் ரோன் பகுதியில், லியோன் நகருக்கு அருகிலுள்ள செயின்ட் மோரிசு சுர் தார்குவார் என்னும் சிற்றூரில் பிறந்தார். புரட்சியின் போது ஒடுக்கப்பட்ட திருச்சபை மீண்டும் எழுந்து வந்த காலத்தில் வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் இவர். லியோன் பகுதி அந்நாளில் மறைபரப்பு ஆர்வத்தின் நடுவமாக விளங்கியது. பொதுமக்களிடம் சிறு காணிக்கைகளைத் திரட்டி உலகெங்கும் உள்ள மறைபணிக்கு அனுப்பிய விசுவாசப் பரப்புச் சங்கம் 1822இல் அந்நகரில்தான் தோன்றியது. புதுச்சேரிப் பணித்தளமும் பிற்காலத்தில் இச்சங்கத்தின் உதவியைப் பெற்றது.

பாரிசு நகரின் பாக் தெருவில் உள்ள சபையின் குருமடத்திலிருந்து 1824இல் புறப்பட்ட பொன்னான், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கடல்வழியே புதுச்சேரியை அடைந்தார். சூயசுக் கால்வாய் வெட்டப்படாத அக்காலத்தில் இப்பயணத்திற்குப் பல மாதங்கள் ஆகும். புறப்பட்டவர்களுள் பலர் தாய்நாட்டை மீண்டும் கண்டதில்லை.

தொடக்கத்தில் இவர் தெலுங்கு நாட்டிற்கு அனுப்பப்பட்டார். குண்டூர்ப் பகுதியில் உள்ள பிரங்கிபுரம் முதலிய ஊர்களில் பழைய இயேசு சபையினரால் உருவாக்கப்பட்ட கிறித்தவக் குடிகள் நீண்ட காலமாகக் குருக்கள் இன்றி இருந்தனர். அவர்களிடையே தங்கித் தெலுங்கு மொழியைக் கற்றுப் பணிபுரிந்த ஆண்டுகளே பொன்னானின் பிற்கால முடிவுகளுக்கு அடித்தளம் எனலாம். கடலுக்கு அப்பாலிருந்து வரும் குருக்களை மட்டும் நம்பியிருக்கும் திருச்சபை, அங்கே ஒரு போர் மூண்டால் இங்கே அனாதையாகி விடும் என்பதை அவர் அவ்வூர்களில் நேரில் கண்டார்.

1833இல் பொன்னான், ஆயர் எபேருக்கு வாரிசுரிமையுள்ள துணை ஆயராகத் துரூசிப்பாரா என்னும் பட்டத்துடன் திருநிலைப்படுத்தப்பட்டார். 1836 அக்டோபரில் எபேர் இறந்தபின் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டில் உரோமை இப்பகுதியைக் கோரமண்டல் கரை அப்போஸ்தலிக்க விகாரியமாக அமைத்திருந்தது.

பதுரவாதோ பிணக்கு

பொன்னான் பதவியேற்றவுடன் எதிர்கொண்ட முதற்சிக்கல் கிறித்தவருக்கு இடையிலேயே எழுந்தது. இந்தியாவில் ஆயர்களை நியமிக்கும் உரிமை பதினாறாம் நூற்றாண்டு முதல் போர்த்துகல் மன்னருக்கு இருந்தது. பதுரவாதோ எனப்படும் இவ்வுரிமையைப் பயன்படுத்தவோ அதற்கான கடமைகளை நிறைவேற்றவோ போர்த்துகலால் அப்போது இயலவில்லை. மயிலாப்பூர் முதலிய மறைமாவட்டங்கள் ஆயர் இன்றிக் கிடந்தன. 1838இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி ஓர் ஆணையின் மூலம் இம்மறைமாவட்டங்களின் ஆட்சியுரிமையை நிறுத்தி, அவற்றின் நிலப்பகுதிகளை அருகிலிருந்த அப்போஸ்தலிக்க விகார்களுக்குப் பகிர்ந்தளித்தார்.

கோவாவைச் சார்ந்த குருக்கள் பலர் இவ்வாணையை ஏற்க மறுத்தனர். ஒரே ஊரில் இரு சாரார், ஒரே கோயிலுக்கு இரு உரிமையாளர் என்னும் நிலை தமிழகத்தின் பல இடங்களில் உண்டானது. கோயில் சாவி யாரிடம், திருவிழாக் கொடியை ஏற்றுபவர் யார் என்பன போன்ற வழக்குகள் ஆங்கிலேய நீதிமன்றங்கள் வரை சென்றன. போர்த்துகலுக்கும் உரோமைக்கும் இடையே 1857இலும் 1886இலும் உடன்படிக்கைகள் ஏற்பட்ட பின்னரே இப்பிணக்கு படிப்படியாகத் தணிந்தது. பொன்னான் தமது ஆட்சிக்காலம் முழுவதும் இச்சுமையைச் சுமந்தார்.

மறுபுறம், தம்மிடம் போதிய ஆட்கள் இல்லாத பகுதியைப் பிறரிடம் விட்டுக்கொடுக்க அவர் தயங்கவில்லை. 1814இல் மீண்டும் உயிர்பெற்ற இயேசு சபையைச் சேர்ந்த ஜோசப் பெர்த்ரான் முதலிய நால்வர் 1837இல் வந்தனர். பொன்னான் காவிரிக்குத் தெற்கிலுள்ள மதுரை மிஷனை அவர்களுக்கு அளித்தார். 1847இல் அது தனி விகாரியமாயிற்று. ஒரு காலத்தில் இயேசு சபையிடமிருந்து பணியைப் பெற்ற சபையே அவர்களுக்கு இடம் கொடுத்து வரவேற்றது என்பது கவனிக்கத்தக்கது.

புதுச்சேரி மாமன்றம் (1844)

1844 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பொன்னான் தம் குருக்களைப் புதுச்சேரிக்கு அழைத்து மாமன்றம் ஒன்றைக் கூட்டினார். தனித்தனியே ஊர்களில் உழன்றவர்கள் ஒன்றுகூடித் தங்கள் பணியின் குறிக்கோளை ஆராய்ந்தது இதுவே முதன்மையான தருணம் எனலாம்.

புறக்காரணங்களும் இருந்தன. தஞ்சாவூர், திருநெல்வேலி, சென்னை ஆகிய பகுதிகளில் புரொட்டஸ்தாந்து மிஷன்கள் பள்ளிகளாலும் அச்சகங்களாலும் விரைந்து முன்னேறிக்கொண்டிருந்தன. கத்தோலிக்கர் எண்ணிக்கையில் மிகுந்திருந்தும் எழுத்தறிவில் பின்தங்கினர். சிற்றூர்களில் பள்ளி, உபதேசியார்களுக்குப் பயிற்சி, பெண்களுக்குக் கல்வி, தமிழ் நூல்களை அச்சிடுதல் என மாமன்றம் பல முடிவுகளை எடுத்தது. இவை அனைத்திற்கும் மேலாக, உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதே மறைபணியின் முதற்கடமை என்று அது அறிவித்தது.

இக்கருத்து புதியதன்று. பாரிசுச் சபை பதினேழாம் நூற்றாண்டில் தோன்றியதே ஆசிய நாடுகளில் அந்நாட்டவரைக் குருக்களாக்குவதற்காகத்தான். உரோமையின் புரோப்பகாந்தா பேராயம் 1659இல் அளித்த அறிவுரையும் இதையே வற்புறுத்தியது. சீயத்திலிருந்து இடம்பெயர்ந்த அச்சபையின் பொதுக் குருமடம் 1770 முதல் சில ஆண்டுகள் புதுச்சேரிக்குத் தெற்கே வீராம்பட்டினத்திலேயே நடைபெற்றது. ஆயினும் நடைமுறையில் தமிழ்க் குருக்கள் மிகச் சிலராகவே இருந்தனர். அவர்களும் ஐரோப்பியக் குருக்களுக்குத் துணைவராகவே நடத்தப்பட்டனர். எவ்வளவு மூத்தவராயினும் ஒரு தமிழ்க் குரு, நேற்று கப்பலிலிருந்து இறங்கிய இளம் ஐரோப்பியருக்குக் கீழ்ப்பட்டவரே என்னும் வழக்கம் நிலவியது. சபையின் அடிப்படைக் கொள்கையை அச்சபையினரே ஏறத்தாழ மறந்திருந்தனர் என்று கூறின் மிகையாகாது.

மாமன்றத்தில் பங்கேற்றவர்களுள் லுக்கே என்னும் இளம் குரு குறிப்பிடத்தக்கவர். கட்டடக்கலை பயின்று பின் குருவானவர் இவர். மாமன்றத் தீர்மானங்களை உரோமைக்கு எடுத்துச் செல்லும் பொறுப்பைப் பொன்னான் இவரிடம் ஒப்படைத்தார். லுக்கே அங்கே உள்நாட்டுக் குருக்கள் குறித்து விரிவான விண்ணப்பங்களை அளித்தார். புரோப்பகாந்தா பேராயம் 1845 நவம்பரில் வெளியிட்ட புகழ்பெற்ற அறிவுரை இம்முயற்சிகளின் விளைவே. உள்நாட்டுக் குருக்களை வெறும் துணைவராக நடத்தும் வழக்கத்தை அது கண்டித்தது. ஆயர் பதவி வரை அவர்களை உயர்த்தும் வகையில் பயிற்றுவிக்குமாறு உலகெங்கும் உள்ள மறைபரப்புத் தலைவர்களைக் கேட்டுக்கொண்டது. புதுச்சேரி மிஷன் வீதியில் தொடங்கிய உரையாடல் உலகளாவிய ஆணையாக மாறியது இவ்வாறுதான்.

லுக்கேயின் சொந்த வாழ்வு வேறு விதமாக அமைந்தது. அவர் 1845இல் புதுச்சேரியின் துணை ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆனால் அவரது வேகத்தையும் எழுத்துகளையும் விரும்பாத மறைபரப்பாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். அவர் புதுச்சேரிக்குத் திரும்பவே இயலவில்லை, 1858இல் காலமானார்.

கல்வியும் அச்சகமும்

மாமன்றத்தின் பயன்கள் புதுச்சேரி நகரில் விரைவில் தெரிந்தன. இன்றும் நகரின் பழமையான பள்ளிகளுள் ஒன்றாக விளங்கும் பெத்தி செமினேர் பள்ளி 1844இல் தொடங்கியது. சிறு குருமடம் என்பது அப்பெயரின் பொருள். குருத்துவத்திற்குச் செல்லாத மாணவர் பல்லாயிரவர் பிற்காலத்தில் அங்குப் படித்துள்ளனர்.

பெண் கல்வி இதைவிடக் கடினமான முயற்சி. பிரான்சின் குளுனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1827 முதல் புதுச்சேரியில் இருந்தனர். ஆனால் தமிழ்ச் சிற்றூர்களில் சென்று கற்பிக்கத் தமிழ்ப் பெண்களே தேவைப்பட்டனர். குடும்பப் பெண்கள் எழுதப் படிக்கக் கற்பது இழிவு என்னும் எண்ணம் அக்காலத்தில் வேரூன்றியிருந்தது. எழுத்தறிந்த பெண் என்றால் தேவதாசி என்றே மக்கள் எண்ணினர். கிறித்தவக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. லூயி சவினியேன் துப்புயி என்னும் குருவானவர் 1844 அக்டோபரில் பொன்னானின் ஒப்புதலுடன் மரியாயின் மாசற்ற இருதயச் சபையைத் தோற்றுவித்தார். பெண்களுக்குக் கற்பிப்பதற்கென்றே இந்தியப் பெண்களைக் கொண்டு அமைக்கப்பட்ட முன்னோடித் துறவற சபைகளுள் இது ஒன்று. எதிர்ப்புகளைக் கடந்து இச்சபை வளர்ந்து தமிழகமெங்கும் பள்ளிகளை நிறுவியது.

துப்புயி மிஷன் அச்சகத்தையும் நடத்தினார். வழிபாட்டு நூல்கள் மட்டுமன்றித் தமிழ் இலக்கியத்திற்கு வேண்டிய நூல்களும் அங்கு அச்சேறின. அதுவரை ஏட்டுச்சுவடிகளில் வழங்கிவந்த வீரமாமுனிவரின் தேம்பாவணி 1851 முதல் 1853 வரை மூன்று பகுதிகளாக இவ்வச்சகத்திலிருந்து வெளிவந்தது. துப்புயியும் முசே என்னும் குருவும் இணைந்து தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855, 1862 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக அச்சிடப்பட்டது. இவை பொன்னானின் கையால் ஆனவை அல்ல. ஆனால் திறமையுடையவரை இனங்கண்டு, பணமும் இடமும் கொடுத்து, குறுக்கிடாமல் இருந்தது அவரது தலைமையின் சிறப்பு.

சாதிச் சிக்கல்

பொன்னானின் ஆட்சியில் தீராமல் நின்றது சாதிச் சிக்கலாகும். இது அவருக்கு முன்பே நூறாண்டு பழமை உடையது. கர்தினால் தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணையும், 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணையும் மலபார்ச் சடங்குகள் எனப்பட்ட உள்நாட்டு வழக்கங்களை வரையறுத்தன. மறைபரப்பாளர் ஒவ்வொருவரும் அவற்றைக் கடைப்பிடிப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. நடைமுறையோ வேறு. புதுச்சேரிக் கோயிலுக்குள் பறையர் கிறித்தவரைப் பிரித்த சுவரைப் பற்றியும், அவர்கள் முறையிட்டபின் அது இடிக்கப்பட்டது பற்றியும், அதனால் மேற்சாதிக் கிறித்தவரிடையே எழுந்த கொந்தளிப்பைப் பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745ஆம் ஆண்டுச் செய்தியாகப் பதிவு செய்துள்ளது. சுவர் வீழ்ந்தாலும் பிரிவினை வீழவில்லை.

சென்னை ஆங்கிலிக்கத் திருச்சபையில் ஆயர் டேனியல் வில்சன் 1833இல் சாதி வேறுபாடுகளை முற்றிலும் கைவிடுமாறு ஆணையிட்டார். அதனால் தஞ்சாவூர், சென்னைப் பகுதிகளில் பலர் விலகிச் சென்றனர். பொன்னான் அவ்வழியைப் பின்பற்றவில்லை. சாதியை ஒரு சமூக வழக்கமாகக் கருதி, விரைவில் மாற்ற இயலாததைப் பொறுத்துக்கொள்வது என்னும் பழைய கொள்கையையே பெரும்பாலும் கைக்கொண்டார். இதனால் ஊர்கள் பிளவுபடாமல் இருந்திருக்கலாம். ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் கோயிலில் ஒதுக்கி நிறுத்தப்பட்டவர்களே. உள்நாட்டுக் குருக்கள் என்று மாமன்றம் பேசியபோது அவர்களது பிள்ளைகள் அதில் அடங்கவில்லை. குருமடத்தின் கதவு அவர்களுக்கு மேலும் நெடுங்காலம் மூடியே இருந்தது. பொன்னானின் வாழ்வை மதிப்பிடுவோர் இதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இச்சிக்கலால் மனம் நொந்தவர் ஒருவரும் உண்டு. 1842இல் புதுச்சேரிக்கு வந்து, குருமடத்தின் தலைவராக இருந்த மரியோன் பிரெசில்லாக், பின்னர் கோயம்புத்தூரின் ஆயரானார். எடுத்த உறுதிமொழிக்கும் கண்ட நடைமுறைக்கும் இடையே தம் மனச்சான்றை அமைதிப்படுத்த இயலாமல் அவர் 1855இல் பதவி விலகினார். அடுத்த ஆண்டு லியோனில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவி, 1859இல் சியாரா லியோனின் பிரீடவுனில் இறந்தார்.

பணித்தளம் பிரிதல்

தமது ஆட்சிப்பரப்பு சுருங்குவதைப் பொன்னான் வளர்ச்சியாகவே கண்டார். மாமன்றத்திற்குப் பின் 1845இல் மைசூரும் கோயம்புத்தூரும் தனிப் பொறுப்பாளர்களிடம் விடப்பட்டன. 1850இல் இவ்விரண்டும் முழுமையான விகாரியங்களாயின. சார்போனோ மைசூரையும், மரியோன் பிரெசில்லாக் கோயம்புத்தூரையும் ஏற்றனர். பொன்னானிடம் புதுச்சேரி, காரைக்கால், ஆற்காடு, சேலம், கும்பகோணம் ஆகிய பகுதிகள் எஞ்சின. இவற்றிலிருந்தும் பின்னாளில் கும்பகோணம் (1899), சேலம் (1930) ஆகிய மறைமாவட்டங்கள் பிரிந்தன.

அப்போஸ்தலிக்கப் பார்வையாளர்

1857ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பின் இந்தியாவின் ஆட்சி ஆங்கிலேய அரசியின் கைக்கு மாறியது. இந்நாட்டின் கத்தோலிக்க நிலையை முழுமையாக அறிய விரும்பிய திருத்தந்தை ஒன்பதாம் பியுஸ், 1858இல் பொன்னானை இந்தியா முழுமைக்குமான அப்போஸ்தலிக்கப் பார்வையாளராக நியமித்தார். அறுபது வயதைக் கடந்து, முப்பத்து நான்கு ஆண்டுகள் வெயிலில் உழைத்துத் தளர்ந்திருந்த ஆயருக்கு இது எளிய பணியன்று. இருப்புப்பாதைகள் பரவலாக அமையாத அந்நாளில் மாட்டு வண்டியிலும் பல்லக்கிலும் கப்பலிலும் விகாரியம் விகாரியமாகச் சென்று குருக்களின் எண்ணிக்கை, பள்ளிகள், சொத்துகள், பிணக்குகள் ஆகியவற்றை அவர் ஆராய வேண்டியிருந்தது. லவுனான் என்னும் குரு துணைக்குச் சென்றார்.

தென்னாட்டை முடித்து வடநாட்டை அடைந்த பொன்னான் 1861 மார்ச் 21 அன்று காசி நகரில் காலமானார். எஞ்சிய ஆய்வை மைசூர் ஆயர் சார்போனோ தொடர்ந்து நிறைவு செய்தார்.

பொன்னானுக்குப் பின்

ஆயர் கொதெல் 1861 முதல் 1867 வரையிலும், பயணத் துணைவரான லவுனான் 1868 முதலும் புதுச்சேரியை ஆண்டனர். 1886 செப்டம்பரில் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ இந்தியாவில் முறையான மறைமாவட்ட ஆட்சியை நிறுவியபோது புதுச்சேரி உயர்மறைமாவட்டமாக உயர்ந்தது. லவுனான் அதன் முதல் பேராயரானார். பொன்னானின் காலத்தில் ஒரே மலபார் மிஷனாக இருந்த நிலப்பரப்பு இன்று பல மறைமாவட்டங்களாக உள்ளது. சம்பா கோயில் என மக்கள் அழைக்கும் அமலோற்பவ அன்னை தலைமைக் கோயில், 1791இல் கட்டி முடிக்கப்பட்டு மிஷன் வீதியில் நிற்கிறது.

மாமன்றம் கேட்ட உள்நாட்டு ஆயர் வருவதற்கு மட்டும் நெடுங்காலம் ஆயிற்று. இலத்தீன் வழிபாட்டு முறையில் அண்மைக் கால இந்தியாவின் முதல் உள்நாட்டு ஆயராகத் தூத்துக்குடியில் பிரான்சிசு திபூர்சியுசு ரோச் 1923இல் பொறுப்பேற்றார். புதுச்சேரிக்கு முதல் தமிழ்ப் பேராயராக அம்புரோசு இராயப்பன் நியமிக்கப்பட்டது 1955இல். பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் முடிவுக்கு வந்ததற்கு அடுத்த ஆண்டு அது. மாமன்றம் கூடி நூற்றுப் பதினோர் ஆண்டுகள் கழிந்திருந்தன.